கிளிப்பிள்ளை மாதிரி பாடலாமா? – திருப்புகழில் சந்தமும் பொருளும்

ஓம் சரவணபவ



போன வாரம் நம்ம குழுவில் ஒரு சகோதரி இப்படி எழுதியிருந்தாங்க. "இருபது வருஷமா திருப்புகழ் பாடிட்டு வரேன். வீட்டு விசேஷத்துல உறவுக்காரர் ஒருத்தர், 'இந்த வரிக்கு அர்த்தம் சொல்லும்மா'ன்னு கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியல. 'அர்த்தம் தெரியாம பாடுறது கிளிப்பிள்ளை பேசுற மாதிரிதான். அதுக்குப் பதிலா உரைநடையில கருத்தைப் படிச்சாலே போதும்'னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். அன்னையிலேருந்து பாட வாயே வரல. இத்தனை வருஷம் நான் பாடினது வீணா?"

ரெண்டு வரியில் ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது. அந்த உறவுக்காரர் சொன்னதில் பாதி நியாயமும் இருக்கு. அதனால் இன்றைக்கு இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம். நாம் பார்க்கப்போவது ஒன்றே ஒன்றுதான்: திருப்புகழில் பொருள் ஒரு பக்கம், சந்தம் ஒரு பக்கம் என்று தனித்தனியாக இருக்கிறதா, இல்லை சந்தமே பொருளில் ஒரு பாதியா?

சந்தம் என்றால் என்ன?

திருப்புகழ்ப் புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே "தத்தத்தன", "தந்தன", "தானன" என்று ஒரு குறிப்பு இருக்கும். இதற்குச் சந்தக்குழிப்பு என்று பெயர். நிறைய பேர் இதை மெட்டு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறோம். இது மெட்டு அல்ல. எந்த இடத்தில் எந்த வகை எழுத்து வரலாம் என்பதற்கான கட்டளை.

நமக்குத் தெரிந்த பெயர்களை வைத்தே பார்ப்போம்.

குக – இரண்டும் குறில். இது "தன".
நாத – நெடிலும் குறிலும். இது "தான".
வெற்றி – நடுவே வல்லின ஒற்று. இது "தத்த".
கந்த – மெல்லின ஒற்றும் அடுத்து வல்லினமும். இது "தந்த".
அன்ன – மெல்லினமே இரட்டிக்கிறது. இது "தன்ன".
வள்ளி – இடையின ஒற்று. இது "தய்ய".
காத்த – நெடிலுக்குப் பின் வல்லின ஒற்று. இது "தாத்த".
சேந்த – நெடிலுக்குப் பின் மெல்லின ஒற்றும் வல்லினமும். இது "தாந்த".

இந்த எட்டும்தான் அடிப்படை. 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் 'வண்ணத்தியல்பு' என்ற பெயரில் இந்த வகைப் பாட்டுக்கென்றே ஓர் இலக்கண நூல் செய்தார். வண்ணம் என்பது புதிதாக வந்ததும் இல்லை. தொல்காப்பியமே 20 வண்ணங்களைச் சொல்கிறது.

இப்போ ஒன்று கவனியுங்க. "கந்த" என்று வரவேண்டிய இடத்தில் "குக" என்று போட முடியாது. இரண்டும் அவன் பெயர்தான், கருத்து மாறாது. ஆனால் சந்தம் உடைந்துவிடும். வாயால் சொல்லிப் பாருங்க. "வெற்றி" என்னும்போது நாக்கு ஒரு கணம் முட்டி நிற்கிறது. "கந்த" என்னும்போது மூக்கில் ஒரு ரீங்காரம் வருகிறது. "வள்ளி" என்னும்போது வழுக்கிக்கொண்டு போகிறது. "குக" எங்குமே நிற்பதில்லை. அகராதியில் அர்த்தம் பார்ப்பதற்கு முன்னாலேயே உடம்புக்கு ஒரு செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

முத்தைத்தரு: அந்த அடி எதற்கு?

நம்ம எல்லோருக்கும் தெரிந்த முதல் திருப்புகழையே எடுத்துக்குவோம். திருவண்ணாமலையில் முருகப்பெருமானே முதல் சொல்லை எடுத்துக் கொடுத்துப் பாடவைத்தது என்பது அடியார்கள் போற்றும் வரலாறு. அதன் சந்தத்தில் பெரும்பாலும் "தத்த". வல்லின ஒற்று வந்து முட்டிக்கொண்டே இருக்கும். வேகமாகப் பாடினால் மூச்சு வாங்கும்.

ஏன் இத்தனை முட்டல்? பாட்டின் பின்பாதியைப் பாருங்க. அது போர்க்களம். பைரவி ஆடுகிறாள். கழுகும் பேயும் கூட ஆடுகின்றன. எட்டு பைரவர்கள் தாளச் சொல் சொல்கிறார்கள். பறை முழங்குகிறது. கிழட்டுக் கோட்டான் அலறுகிறது. நடுவே அசுரர்கள் விழுகிறார்கள், கிரௌஞ்ச மலை குத்துப்படுகிறது. இதில் பறையின் ஒலியையும் கோட்டானின் குரலையும் அருணகிரிநாதர் ஒலியாகவே எழுத்தில் வைத்துவிட்டார். அந்த இடத்துக்கு உரைநடையில் என்ன எழுதுவீங்க? "பறை முழங்கியது" என்று எழுதலாம். அது பறை முழங்கிய செய்தி மட்டுமே. பாட்டில் பறையே முழங்குகிறது.

இன்னொன்று இதைவிட முக்கியம். அதே சந்தத்தில்தான் பாட்டின் முன்பாதியும் இருக்கு. அங்கே போர் இல்லை. முத்துப் போன்ற சிரிப்புடைய தேவயானையின் நாயகன், சிவனுக்கே குரு, தேவர்கள் பணியும் தெய்வம் என்று புகழ் வருகிறது. திருமாலின் பெருஞ்செயல்கள் வருகின்றன. பிறகு, என்னையும் பரிவோடு காப்பாற்றுகிற நாள் ஒன்று வருமா என்ற வேண்டுதல். அது நிற்கும் இடம் பாட்டின் சரி பாதி. அந்த ஏக்கம் முடிந்த மறு நொடியே போர்க்களம் தொடங்குகிறது, தாளம் துளியும் மாறாமல்.

என் மனசுக்குப் படுவது இதுதான். "என்னைக் காப்பாயா?" என்ற கேள்விக்கு அங்கே சொல்லால் பதில் இல்லை. கேள்வி துடித்த அதே தாளத்தில் வேல் பாய்கிறது, அதுதான் பதில். அருளும் வீரமும் அவனுக்கு வேறு வேறு இல்லை என்று பக்கம் பக்கமாக உரை எழுதலாம். சந்தம் அதை ஒரு வார்த்தைகூடச் செலவழிக்காமல் சொல்லிவிடுகிறது. சகோதரி இருபது வருஷமாகப் பாடினபோது இந்தச் செய்தி அவங்களுக்குப் போய்ச் சேரவே இல்லை என்று யார் சொல்ல முடியும்?

தொங்கல்: திரும்பி வரும் இடம்

திருப்புகழின் அமைப்பைக் கொஞ்சம் பார்ப்போம். நாலு அடி, ஒவ்வொரு அடியும் இரண்டு பாதி. ஆக எட்டுப் பகுதி. ஒவ்வொரு பகுதியிலும் ஒரே சந்தம் திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் "தனதான" போல ஒரு சின்னத் துண்டு தனியாக நிற்கும். அதற்குத் தொங்கல் என்று பெயர். மூச்சு விடக் கிடைக்கிற இடம் அதுதான். எட்டாவது தொங்கலில் பெரும்பாலும் "பெருமாளே" என்று வந்து பாட்டு முடியும்.

பல திருப்புகழ்களில் முன்பாதி முழுக்க மனுஷ வாழ்க்கையின் அலைச்சல்தான். ஆசை, பொருள் மயக்கம், நோய், முதுமை, எமபயம். ஓடிக்கொண்டே இருக்கும், நிற்காது. நாமும் அப்படித்தானே ஓடுகிறோம்? ஆனால் அந்த ஓட்டம் ஒவ்வொரு முறையும் தொங்கலில் வந்து ஒரு கணம் நிற்கிறது. மறுபடி ஓடுகிறது. மறுபடி நிற்கிறது. கடைசியில் அவன் ஊர்ப் பெயர் வருகிறது, அவன் பெயர் வருகிறது, முடிகிறது.

பத்துத் திருப்புகழ் கேட்டவர்களுக்கே இது பழகிவிடும். பதினோராவது பாட்டின் சொல் எதுவும் புரியாவிட்டாலும், எங்கே போய் முடியும் என்று காதுக்குத் தெரியும். எத்தனை வேகமாகச் சுழன்றாலும் கடைசிப் படி அவன் திருவடி என்ற நம்பிக்கை அந்த அமைப்பிலேயே இருக்கு. சரணாகதி என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வதைப் பாட்டின் வடிவம் பழக்கமாகவே ஆக்கிவிடுகிறது.

சந்தம் காப்பாற்றிய பொருள்

சந்தம் பொருளை அழகுபடுத்துகிறது என்று மட்டும் நினைக்காதீங்க. பல இடங்களில் பொருளைக் காப்பாற்றியதே அதுதான்.

திருப்புகழ் நமக்கு ஓலைச்சுவடி வழியாக வந்தது. வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை அவர்கள் ஊர் ஊராகத் தேடிச் சுவடிகளைச் சேர்த்து, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சில் கொண்டுவரத் தொடங்கினார். இன்றைக்குக் கிடைப்பவை 1300-க்கும் மேற்பட்ட பாடல்கள். அந்தப் புண்ணியவான் இல்லையென்றால் நாம் இத்தனை பாட்டைப் பார்த்தே இருக்க மாட்டோம்.

சுவடி எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு. பொதுவாக மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெரியாது. "கொடு" என்பதும் "கோடு" என்பதும் ஒரே மாதிரிதான் இருக்கும். "தா" என்று கேட்கிறாரா, மலைச் சிகரத்தைச் சொல்கிறாரா? சந்தத்தைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். அந்த இடத்தில் "தன" இருந்தால் "கொடு". "தான" இருந்தால் "கோடு". புள்ளி இல்லாமல் "முதது" என்று எழுதியிருந்தாலும், சந்தம் "தத்த" என்றால் அது "முத்து" என்று உறுதியாகச் சொல்லலாம்.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். குழுக்களில் வருகிற திருப்புகழ்ப் பகிர்வுகளில் அவசரத் தட்டச்சில் ஒற்று விழுந்துவிடுகிறது. ஒரே ஒரு "த்" போனால் முத்து "முது" ஆகிவிடும். முத்து எங்கே, முதுமை எங்கே! "பத்தி" என்பது "பதி" ஆனால் பக்தி போய்த் தலைவன் வந்துவிடுவான். ஆகவே எந்தப் பாட்டைப் பகிர்ந்தாலும் மேலே உள்ள சந்தக்குழிப்பை விட்டுவிடாமல் பகிருங்க. அது பாட்டுக்குப் பூட்டு மாதிரி.

ஒரே அடியார், மூன்று நடை

"எல்லாமே முருகன் புகழ்தானே, எப்படிப் பாடினால் என்ன?" என்று சிலர் கேட்பதுண்டு. அருணகிரிநாதரே அப்படி நினைக்கவில்லை. திருப்புகழில் தாளம் பொங்குகிறது. கந்தர் அலங்காரத்துக்கு அவர் எடுத்தது கட்டளைக் கலித்துறை. அதில் எழுத்துக் கணக்கு உண்டு. ஒற்றெழுத்தை விட்டு எண்ணினால், அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. அடிக்கு ஐந்து சீர், பாட்டு ஏகாரத்தில் முடியும். நின்று நிதானமாகப் பேசுகிற நடை. எமனைப் பார்த்துச் சவால் விடவும், நாளும் கோளும் என்னை ஒன்றும் செய்யாது என்று அடித்துச் சொல்லவும் இந்த நடைதான் பொருத்தம். ஏகாரத்தில் முடியும்போது தீர்ப்புச் சொல்லி முடித்த மாதிரி இருக்கு இல்லையா?

கந்தர் அனுபூதி அப்படியும் இல்லை. காப்பு நீங்கலாக 51 பாட்டு. நான்கே சீர் கொண்ட நான்கு சின்ன அடி. ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிடும். பேச்சு அடங்கிய நிலையைப் பற்றிப் பேசுகிற நூல் அது. அதைத் திருப்புகழின் நீளச் சந்தத்தில் வைத்திருந்தால் எப்படி இருக்கும்? "பேசாதே" என்று கூட்டத்தில் கத்திச் சொல்கிற மாதிரி ஆகியிருக்கும். அனுபூதியில் ஒரு பாட்டு முடிந்ததும் வருகிற அமைதியும் அந்தப் பாட்டின் பகுதிதான். அடுத்த முறை பாடும்போது அவசரப்படாமல் அந்த இடைவெளியில் கொஞ்சம் நின்று பாருங்க.

வரிசை மாறினாலே போதும்: வேல்மாறல்

சொல் அப்படியே இருந்து வடிவம் மட்டும் மாறினால் என்ன ஆகும்? அதற்கும் நம்மிடம் சாட்சி உண்டு. அருணகிரிநாதரின் வேல் வகுப்பு 16 அடி. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் அந்த அடிகளையே முன்பின்னாக மாற்றி, திரும்பத் திரும்ப வரும்படி 64 அடியாக அமைத்துக் கொடுத்தார். அதுதான் இன்று பல வீடுகளில் பாராயணம் செய்கிற வேல்மாறல்.

வேல் வகுப்பைப் படித்தால் அது வேலின் பெருமையைச் சொல்கிற பாட்டு. முதலில் தொடங்கிக் கடைசிக்குப் போகும். வேல்மாறலில் அந்த நேர்கோடு கிடையாது. விட்ட அடி மறுபடி வரும். ஒரு வட்டத்துக்குள் நாம் நிற்பது போலவும், சுற்றிலும் வேல் காவல் நிற்பது போலவும் தோன்றும். புகழ்ச்சியாக இருந்தது பாதுகாப்பாக மாறிவிட்டது. வரிசை மட்டும்தான் மாறியது. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து வேல்மாறல் சொன்னவர்களைக் கேட்டால், அந்த வட்டம் எப்படித் தாங்கும் என்று சொல்வாங்க.

அப்போ அர்த்தம் தெரிய வேண்டாமா?

கட்டாயம் தெரிய வேண்டும். அந்த உறவுக்காரர் சொன்னதில் பாதி நியாயம் என்றேனே, அது இதுதான். முத்தைத்தருவின் நடுவில் ஒரு வேண்டுதல் இருக்கிறது என்று தெரியாமல் பாடினால், அந்த இடத்தையும் மற்ற இடம் மாதிரியே ஓட்டிவிடுவோம். தெரிந்துவிட்டால் அங்கே குரல் தானாகக் குழையும். தெரிந்தவர் பாடுவதற்கும் தெரியாதவர் பாடுவதற்கும் அங்கே வித்தியாசம் உண்டு.

ஆனால் அவர் சொன்ன மறுபாதியை ஏற்க முடியாது. உரைநடையில் கருத்தைப் படித்தால் போதும் என்பது, சமையல் குறிப்பைப் படித்துவிட்டுச் சாப்பிட்டாச்சு என்பது போல. கருத்தாகச் சுருக்கினால் பல திருப்புகழ்கள் ஒன்று போலவே இருக்கும்: "உலக மயக்கத்தில் கிடக்கிறேன், காப்பாற்று." இதைச் சொல்ல 1300 பாட்டு எதற்கு? ஒவ்வொரு சந்தத்திலும் அந்த வேண்டுதல் வேறு வேறு மாதிரித் துடிக்கிறது. ஒரு பாட்டில் கெஞ்சல், ஒன்றில் பதற்றம், ஒன்றில் கொஞ்சல். அந்த வித்தியாசம் கருத்தில் தெரியாது. பாடினால்தான் தெரியும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு பயிற்சி

ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு திருப்புகழ் போதும்.

1. முதல் நாள் சொற்களைத் தொடவே வேண்டாம். சந்தக்குழிப்பை மட்டும் தொடையில் தட்டிச் சொல்லுங்க. எங்கே முட்டுகிறது, எங்கே வழுக்குகிறது, எங்கே தொங்கல் என்று கவனிங்க.

2. இரண்டாம் நாள் அதே தட்டலில் பாட்டைச் சொல்லுங்க. இப்போதைக்கு ராகம் வேண்டாம். சந்தத்துக்காகச் சில சொற்கள் பாதியில் உடைந்து அடுத்த சீருக்குப் போகும். பயப்படாதீங்க. பாடுவதற்கு அதுதான் சரியான பாடம்.

3. மூன்றாம் நாள் பதம் பிரித்த பாடத்தைப் படியுங்க. உடைந்த சொற்கள் அங்கே முழுசாக இருக்கும். அதைப் பாட முயற்சிக்க வேண்டாம், அது படிப்பதற்கு. சந்தப் பாடம் பாட, பதம் பிரித்த பாடம் படிக்க. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீங்க.

4. நாலாம் நாள் உரை. வ.சு. செங்கல்வராய பிள்ளை அவர்களின் உரையோ, வாரியார் சுவாமிகளின் விரிவுரையோ எது கிடைத்தாலும் நல்லது. ஒரு கேள்வியை மட்டும் மனசில் வையுங்க: இந்தப் பாட்டில் அவர் கேட்பது என்ன, அதை எட்டுப் பகுதியில் எங்கே வைத்திருக்கிறார்?

5. மீதி நாட்கள் பாடுங்க. பூஜை அறையில்தான் என்றில்லை, அடுப்படியிலும் பாடலாம்.

ஏழாம் நாள் உங்களுக்கே தெரியும். அர்த்தம் தனியாக நினைவுக்கு வராது. தொங்கலுக்கு வரும்போது அதுவும் கூடவே வந்து நிற்கும்.

சகோதரிக்கு ஒரு வார்த்தை

அம்மா, நீங்க இருபது வருஷம் பாடினது வீண் இல்லை. பாட்டின் ஒரு பாதியை நாக்கிலும் மூச்சிலும் ஏற்றி வைத்திருக்கீங்க. அது புத்தகம் பார்த்து வருவதில்லை, வருஷக்கணக்கில் பாடிப் பாடித்தான் வரும். மறுபாதி உரையில் இருக்கு, தினம் பத்து நிமிஷம் ஒதுக்கினால் கிடைத்துவிடும். உங்களைக் கேள்வி கேட்டவருக்கு அந்த மறுபாதி கைவசம் இருக்கலாம். அவரும் உங்களோடு உட்கார்ந்து பாடினால்தான் அவருக்கும் பாட்டு முழுசாகும். கோபப்படாமல் அவரையும் கூப்பிடுங்க.

அப்புறம், "கிளிப்பிள்ளை" என்றாரே, அதற்காக வருத்தப்படாதீங்க. அருணகிரிநாதர் பாரிஜாத மலர் கொண்டுவரக் கிளியின் உடம்பில் புகுந்து போனார், திரும்பி வந்தபோது சொந்த உடம்பு இல்லை, கிளியாகவே இருந்து கந்தர் அனுபூதியைப் பாடினார் என்பதுதான் நம் பெரியோர் சொல்லும் வரலாறு. திருவண்ணாமலையில் கிளி கோபுரம் இன்றைக்கும் நிற்கிறது. முருகனடியாரைப் பார்த்துக் கிளி என்று சொன்னால் அது வசையா என்ன?

இந்தச் செவ்வாய்க்கிழமை உங்க குரலில் ஒரு திருப்புகழைக் குழுவில் பதிவு செய்து போடுங்க. எல்லோரும் காத்திருக்கோம்.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!